நாலாம் குழு

கொரியாவில், மோக்போ நகரத்து ஆஸ்பத்திரியில் நான் புள்ளிவிவரக்காரி. எல்லோரும் ஏற்கெனவே நம்பிவிட்டதற்கு முத்திரை குத்துவதுதான் பெரும்பாலும் என் வேலை. அந்த வெள்ளிக்கிழமை மதியம் தலைமை நர்ஸ் மியாங்சுக் அக்கா வந்ததும் அதற்குத்தான்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வரும் புண்தான் அவளுடைய ஆய்வு. காற்று, தண்ணீர், ஜெல் என மூன்று புது மெத்தைகள். நாலாவது, பழைய பஞ்சு மெத்தை. குழுவுக்குப் பதினெட்டுப் பேர். புதியவை மூன்றையும் சேர்த்துப் பழையதோடு மட்டும் ஒப்பிடுவது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள். பழையதில்தான் புண் பெரிது என்று கணினி சொல்லிவிட்டது. திங்கட்கிழமை முதல் வார்டு முழுக்க ஜெல் மெத்தை, மூன்றில் அதுதான் மலிவு. ஆறு வருடமாக இழுத்தடித்த டாக்டர் பட்டமும் அவளுக்குக் கிடைத்துவிடும்.

"ஒருதரம் ஓட்டிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு சேரின். மூஞ்ச ஏன் அப்படி வச்சிருக்க? காப்பி வாங்கிட்டு வந்திருக்கேன்ல."

"காப்பிக்குக் கையெழுத்துப் போடற ஆளாக்கா நானு?"

ஓட்டினேன். அதே விடை. ஆனால் அதற்கு மேலே, யாரும் படிக்காத சராசரிப் பட்டியலில், கடைசி வரியின் புண் அளவுதான் பெரிதாக இருந்தது. முதல் வரியில் குழு எண் பூஜ்ஜியம்.

"இந்தப் பூஜ்ஜியம் எந்தக் குழுக்கா?"

"பழைய மெத்த. முதல்ல நாலுன்னுதான் போட்டிருந்தேன். பியோ தாத்தா கட்டில் அட்டையப் பாத்துட்டு அழுதுட்டாரு, 'என்னைய நாலுல போட்டுட்டியேம்மா'ன்னு. மனசு கேக்கல. பூஜ்ஜியமா மாத்திட்டேன்."

யார்தான் மாற்றமாட்டார்கள்? நான்கு எங்களுக்குச் சாவின் எண்; கொரிய மொழியில் இரண்டுக்கும் ஒரே உச்சரிப்பு. எங்கள் லிப்டிலேயே நாலாம் மாடிப் பொத்தான் கிடையாது.

ஆனால் மென்பொருளுக்கு அந்தப் பயம் இல்லை. குழுக்களைச் சின்ன எண்ணிலிருந்து அடுக்கும். பழைய மெத்தை முதலிடத்துக்குப் போய்விட்டது. எந்தக் குழுவை எவற்றோடு ஒப்பிடுவது என்று சொல்ல அக்கா கொடுத்த எடை எண்களோ பழைய வரிசையிலேயே நின்றன: முதல் மூன்றுக்கும் கழித்தல் ஒன்று, கடைசிக்கு மூன்று. கடைசியில் இப்போது இருந்தது ஜெல் மெத்தை; கணினி அதைத்தான் மற்ற மூன்றோடு ஒப்பிட்டிருந்தது. எடைகளை இடம் மாற்றி மறுபடி ஓட்டினேன். பழையதற்கும் புதியவற்றுக்கும் சொல்லும்படி வித்தியாசமே இல்லை.

"அக்கா, புண்ணு பெருசா இருந்தது பழைய மெத்தையில இல்ல. ஜெல்லுல."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத வேற யாராவது ஓட்டிப் பாப்பாங்களா?"

"மாட்டாங்க."

சொல்லிவிட்டு எனக்கே பயமாக இருந்தது. 'அப்படியே விட்டுடு' என்று அவள் சொன்னால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேனோ என்ற பயம்.

அவள் ஜெல் குழுவின் பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். "இவங்க பதினெட்டுப் பேர் புண்ணையும் நான்தான் கழுவினேன். உடம்புல தெம்பில்லன்னு நெனச்சேன். ரெண்டு பேரத் திட்டக்கூடச் செஞ்சேன், ஒழுங்காச் சாப்பிடலன்னு."

அவள் அழுதாள். நான் தடுக்கவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குப் போன் செய்தாள். "வந்த மெத்தையப் பிரிக்காதீங்க. போட்டிருந்தா எடுத்துடுங்க. ஆமா, நான்தான் சொல்றேன். தப்பு என்னோடது."

பட்டத்தைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கதவருகே போய் நின்றாள்.

"சாவு வரக்கூடாதுன்னுதான் சேரின் அந்த நால எடுத்தேன்."

நாங்கள் வார்டுக்குப் போனபோது பதினோரு கட்டிலில் ஜெல் மெத்தையை ஏற்கெனவே விரித்திருந்தார்கள். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான்.