பெட்டிசத்துக்கு மறுமொழி

என் கணவர் மகேந்திரராஜாவுக்கு அநியாயம் என்றால் பொறுக்காது. ஆனால் அது அடுத்த வீட்டு அநியாயமாக இருக்க வேண்டும்.

கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறிய கிளென் வேவர்லியில் எங்களுக்கு அடுத்த வீடு ஹைன்ஸ் என்ற ஜேர்மன்காரருடையது. 1976இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலியோரம் நின்று தன் தங்கை மகளின் கதையைச் சொன்னார். அவர்கள் நாட்டில் பத்து வயதிலேயே பிள்ளைகளை மூன்றாகப் பிரித்துவிடுவார்களாம். பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம், அலுவலக வேலைக்கு ஒன்று, கைத்தொழிலுக்கு ஒன்று. எது யாருக்கு என்று வகுப்பு ஆசிரியர் சொல்லுவார். தங்கை மகளுக்குக் கைத்தொழில் என்று எழுதியாகிவிட்டது. பிள்ளையோ மேலே படிக்க வேண்டுமென்று அழுகிறதாம்.

"பத்து வயதுப் பிள்ளையின்ரை தலையெழுத்தை எழுத அந்த வாத்தி ஆர், பிரம்மாவோ?" என்று என் கணவர் துள்ளினார்.

அன்றே அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நியாயம் கேட்டு மனு, அதுதான் பெட்டிசம், எழுத உட்கார்ந்துவிட்டார். பழகிய கை. ஊரில் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தலில் தன் தம்பிக்கு மருத்துவப் படிப்பு தவறியபோது கொழும்பு அரசாங்கத்துக்கு ஒன்பது பெட்டிசம் போட்டவர். ஒன்றுக்கும் மறுமொழி வரவில்லை. அந்த வலி எனக்கும் தெரியும். அதனால்தான் எங்கள் மகள் பாமாவுக்கு ஏழு வயதாக இருந்தபோதே அவள் டொக்டர் என்று முடிவாகிவிட்டது. ஜேர்மன் வாத்தியாராவது பத்து வருடம் பொறுத்திருக்கிறார்.

பாமாவின் ஆசை வேறு. ஹைன்ஸின் செத்துப்போன ரேடியோவைக் கழற்றிப் பாடவைத்தவள் அவள். ஆறாம் வகுப்பு முடிந்ததும் கைத்தொழில் படிப்பிக்கும் டெக்னிக்கல் ஸ்கூலுக்குப் போகிறேன் என்று, அப்பாவின் கையெழுத்துக்குப் படிவமும் கொண்டுவந்திருந்தாள். இவர் அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

பெட்டிசத்தை அழகாகப் பிரதி எடுக்க மட்டும் அவள் வேண்டும். 'பிள்ளையின் விருப்பத்தை ஒரு தடவையாவது பிள்ளையிடம் கேட்டீர்களா?' என்று அதில் ஒரு வசனம். எழுதும்போது அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்று ஜேர்மனிக்குப் போனது. மற்றதில் ஊரை எங்கள் ஊராக்கி, பிள்ளையின் பேரைத் தன் பேராக்கி, அப்பாவின் கதிரையில் வைத்தாள். இவர் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். பிழை பிடிக்க ஓரிடமும் இல்லை, எல்லாம் அவருடைய வசனம். மடித்து அதையும் லாச்சிக்குள் போட்டார். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், லாச்சி திறக்கவேயில்லை.

ஏழாம் கிழமை ஹைன்ஸ் கேக்கோடு ஓடிவந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம், பரீட்சை வைத்தார்களாம், மேலே படிக்க இடமும் கொடுத்துவிட்டார்களாம். என் கணவருக்குத் தலைகால் தெரியவில்லை. வாழ்நாளில் வென்ற முதல் பெட்டிசம்!

"பார்த்தீரோ சிவனேஸ்வரி? நியாயத்தை எழுத்தில வைச்சால் ஆரும் மறுக்கேலாது!"

"ஓம்," என்றேன். "ஜேர்மன்காரன் மறுமொழி போட்டிட்டான். லாச்சிக்குள்ள கிடக்கிறதுக்கு எப்ப மறுமொழி? நீங்கள் என்ன, கொழும்போ?"

கேக் துண்டு கையிலேயே நின்றது. வேறு எந்த ஏச்சும் அவரை அப்படிச் சுட்டிருக்காது. கேக்கை வைத்துவிட்டுத் திறப்பை எடுத்து லாச்சியைத் திறந்தார். படிவத்தை மேசையில் விரித்துவிட்டுப் பேனாவைத் தேடினார்.

பாமா அதை ஏற்கெனவே நீட்டிக்கொண்டு நின்றாள்.