தள்ளுபடியான மூன்று புகார்கள்

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் புகாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயணிகளின் புகார்க் கடிதங்களைப் பிரித்துப் படிப்பது, ஓட்டுநரையோ நடத்துநரையோ விசாரிப்பது, பதில் எழுதிக் கோப்பை மூடுவது, பதினொரு வருடமாக அதுதான் அவள் வேலை. அங்கேயே ஓட்டுநராக இருந்த அவள் கணவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: மெத்தை. அவர் வண்டியில் நின்றுகொண்டே தூங்கலாம் என்பார்கள். இருபத்திரண்டு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று அவர் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்தப் பெருமைக்குக் கடந்த இரண்டு வருடமாகப் பங்கம் வந்திருந்தது. வண்டியின் இடது பக்கக் கண்ணாடி இரண்டு தடவை உடைந்தது. "ரோடு சுருங்கிட்டே போகுது" என்றார். வீட்டிலும் அதே கதை. சாப்பிடும்போது இடது கைப் பக்கம் வைத்த தண்ணீரைத் தட்டிவிடுவார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார்.

"கண்ணை எங்க வெச்சிருக்கீங்க?" என்று அவள் கத்துவாள்.

"ஆமா, பிடரியில வெச்சிருக்கேன், போடி" என்று அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

கல்லூரி விட்டு வரும் மகள், "இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுதா, பாக்கி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் புகார்ப் பிரிவுக்கு இரண்டு நாள் பயிற்சி வகுப்பு வந்தது. மனிதர்களின் பேச்சுப் பரிமாற்றத்தைப் பிரித்துப் பார்க்கும் முறையாம். வகுப்பு எடுக்க வந்த அம்மாள் சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். "நமக்குள்ள மூணு பேர் குடியிருக்காங்க. அதட்டுற அப்பா அம்மா ஒருத்தர், முறுக்கிக்கிற குழந்தை ஒருத்தர், விவரம் கேட்டு யோசிக்கிற ஆள் ஒருத்தர். மூணாவது ஆளுக்குத்தான் வாயே கெடைக்கிறதில்ல" என்றாள். புகாரக்காவும் சிரித்தாள்.

இரண்டாம் நாள் பாடம் தள்ளுபடி. "ஜவுளிக்கடைத் தள்ளுபடி இல்லீங்க. கண்ணுக்கு முன்னால இருக்கிற தகவலை மனசு தனக்கே தெரியாம தள்ளிடும். ஒண்ணுமே இல்லைன்னு தள்ளும். இருக்கு, ஆனா பெரிசில்லைன்னு தள்ளும். பெரிசுதான், ஆனா ஒண்ணும் பண்ண முடியாதுங்கும். கடைசியா, பண்ணலாம், என்னால ஆகாதுங்கும்." பிறகு ஒரு பயிற்சி கொடுத்தாள். "நீங்க மூடின கோப்புல மூணை எடுத்துக்குங்க. உங்க பதிலை மறைச்சிட்டு, கடிதத்தை மட்டும் படிங்க. எதைத் தள்ளினீங்கன்னு தேடுங்க."

புகாரக்காவின் மேசை இழுப்பறையில் சரியாக மூன்று கோப்புகள் இருந்தன. மூன்றும் அவள் கணவர் ஓட்டும் வண்டியைப் பற்றியவை. அவற்றை மட்டும் அலமாரியில் அடுக்காமல் தன்னிடம் ஏன் வைத்திருந்தாள் என்று அவள் அதுவரை தன்னையே கேட்டதில்லை.

பதில்களின்மேல் வெள்ளைத்தாளை வைத்து மறைத்துவிட்டுப் படித்தாள். நிறுத்தத்தில் ஐந்து பேர் கைகாட்டியும் வண்டி நிற்கவில்லை என்றது முதல் கடிதம். இடது ஓரம் போன சைக்கிளை வண்டி உரசியது என்றது இரண்டாவது. மூன்றாவதை எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஏறும்போது கதவு மூடி, கை சிக்கி, பத்தடி இழுபட்டு மணிக்கட்டு முறிந்தவர். அவர் எழுதியிருந்தார்: 'ஓட்டுநர் என் பக்கம் பாதி முகம் திருப்பினார். என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் கதவை மூடினார். அதுதான் எனக்குப் புரியவில்லை.'

தாளை விலக்கினாள். அவளுடைய கையெழுத்து: 'விசாரிக்கப்பட்டது. பயணியின் அவசரமே காரணம்.' அன்று விசாரணை சமையலறையில் நடந்தது. "அந்தம்மா ஓடி வந்து தொங்குச்சு" என்றார் கணவர். அவள் அடுப்பைப் பார்த்தபடியே தலையாட்டினாள்.

மூன்றும் இடது பக்கம். கண்ணாடியும் இடது பக்கம். தண்ணீரும் இடது பக்கம். கண்ணை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இரண்டு வருடமாக ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூடப் பதிலுக்காகக் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவர் சீருடை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து காலணி நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் இடது பக்கம் போய் நின்றாள்.

"நிமிர்ந்து சுவரைப் பாருங்க. திரும்பாதீங்க. நான் எத்தனை விரல் காட்டறேன்?"

"என்னடி விளையாட்டு இது, காலங்காத்தால?"

"விளையாட்டில்லீங்க. சண்டைக்கும் வரல. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

அவர் சுவரையே பார்த்தார். "மூணு" என்றார். அவள் கையையே தூக்கியிருக்கவில்லை.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்சம் மங்கல். வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். கழுத்தைத் திருப்பி ஓட்டினா ஒண்ணுமில்ல. வருஷா வருஷம் கண் டெஸ்ட்ல காட்டற எழுத்தெல்லாம் டக்டக்னு படிக்கிறேன்ல?"

"யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"போன வருஷம் கண்ணாடிக் கடைக்காரன் பெரிய டாக்டரைப் பாக்கச் சொன்னான். பாத்தா? வண்டியப் புடுங்கிடுவாங்க. அப்புறம் நான் யாரு, சொல்லு?"

"இன்னிக்கு லீவு சொல்லுங்க. ரெண்டு பேருமே போவோம்."

"சாயந்திரம் பாக்கலாம்." எழுந்து போய்விட்டார்.

அவள் பணிமனை மேலாளருக்குப் போன் செய்தாள். அவருக்கு இடது பக்கம் கண் தெரியவில்லை, இன்றைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள் என்றாள்.

வண்டியில் ஆள் ஏறி நிறைந்த பிறகு அவரை இறக்கினார்கள். நடத்துநர் வந்து தோளைத் தொட்டு, "அண்ணே, மேனேஜர் கூப்பிடறாரு, சாவியைக் குடுத்துட்டு வாங்க" என்றாராம். யார் சொன்னது என்று அவர் கேட்டாராம். நடத்துநர் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாராம். யாரென்று சொல்லத் தேவையிருக்கவில்லை.

கண்ணுக்குள் அழுத்தம் என்றார் மருத்துவர். நேர்ப் பார்வை கடைசியில்தான் போகும், அதனால் எழுத்துப் பலகைச் சோதனையில் பிடிபடாது. இடது கண் ஏறக்குறைய முடிந்தது. போனது திரும்பாது. வலது கண்ணைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். "ஒண்ணரை வருஷம் முன்னால வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் மூன்றாவது கோப்பைத் திறந்து ஆசிரியைக்குப் புதிய பதில் எழுதினாள். ஓட்டுநருக்குப் பார்வைக் குறை இருந்தது, அவர் உங்களைப் பார்க்கவே இல்லை, அதை விசாரிக்காமல் கோப்பை மூடியவள் அவர் மனைவியாகிய நான் என்று எழுதினாள். மேலாளர் படித்துவிட்டு, "நல்ல மனசும்மா. ஆனா இது போனா நாளைக்குக் கேஸ் வரும். கிழிச்சுப் போட்டுட்டு வேலையைப் பாரு" என்றார். அவள் தானே தபாலில் சேர்த்தாள். அந்த வாரமே அவளைப் பழைய பயணச்சீட்டுக் கட்டுகள் கிடக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். ஆசிரியையிடமிருந்து ஒரு வரி பதில்கூட வரவில்லை.

வீட்டில் அவர் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். சொட்டு மருந்துகூட மகள்தான் போடவேண்டும். ஒரு ஞாயிறு மத்தியானம், மகள் வெளியே போயிருந்தபோது, கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவளாகவே சொன்னாள். லெட்டர் போட்டதையும் சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ போட்டுக் குடுத்துட்டேன்னு எனக்குக் கோவமில்ல" என்றார். குரலில் எரிச்சல் இல்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "எனக்குப் பயம், நான் மறைச்சேன். உனக்கென்ன? தெனம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டே. நானாவது பாதிதான் பாத்தேன். நீ முழுசாப் பாத்தே. ஏன் கேக்கல?"

ஒண்ணுமில்லை என்று நினைத்தேன், பெரிதில்லை என்று நினைத்தேன், உங்களிடம் யார் பேச முடியும் என்று நினைத்தேன். எல்லாம் வாய் வரை வந்தன. எல்லாம் உண்மைதான்.

"கேட்டா நீங்க வண்டி ஓட்டறது நின்னுபோயிடும்னு தெரியுங்க. அதான் கேக்கல" என்றாள்.

அவர் தலையாட்டினார்.