வாயில் இருந்த விசில்

குளிரில் விரல்கள் மரத்துப் போனதால் வெர்னா விசிலைக் கையில் பிடிக்காமல் வாயில் கவ்வியிருந்தாள். அமெரிக்கக் கால்பந்து நடுவர்கள் செய்யவே கூடாத காரியம். வாயில் இருக்கிற விசில் கண்ணை முந்திக்கொள்ளும்.

முந்திக்கொண்டது. பந்தோடு ஓடிய வெளியூர்க்காரன் ஆட்குவியலுக்குள் விழுந்துவிட்டான் என்று நினைத்து ஊதினாள். முழங்கால் தரையைத் தொட்டால்தான் ஆட்டம் நிற்கும்; அவனுடையது தொடவே இல்லை. கொஞ்சம் பொறுத்து அவன் கையிலிருந்து பந்து நழுவி உருண்டது. உள்ளூர் ஆட்டக்காரன் ஒருவன் அதை அள்ளிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிப் புள்ளிகள் எடுத்தான். உள்ளூர் அணி ஜெயித்துவிட்டதென்று அரங்கமே எழுந்து கூத்தாடியது.

ஆட்டத்தின் இரைச்சலில் அவள் ஊதிய விசில் யாருக்கும் கேட்கவில்லை. ஒருவனுக்கு மட்டும் கேட்டிருந்தது. ஓடியவனை எட்டிப் பிடித்திருக்கக்கூடிய ஒரு வெளியூர்த் தடியன், விசிலுக்குக் கட்டுப்பட்டு நின்ற இடத்திலேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளைத் தொப்பி போட்ட தலைமை நடுவர் ஹாலிஸ் ஓடி வந்தார்.

“ஊதினியா?”

“ஊதிட்டேன்.”

“எனக்குக் கேக்கல. டிவிலயும் கேட்டிருக்காது. இந்த வாரம் உன் நடுவர் மார்க் குறைஞ்சா இறுதிப் போட்டில நடுவரா நிக்கிற வாய்ப்பு போச்சு, வெர்னா. இத்தனை வருஷமா அதுக்குத்தானே ஓடுற?”

“அதோ நிக்கிறானே, அவனுக்குக் கேட்டுச்சு.”

“ஒருத்தனுக்குத்தானே.”

“ஒருத்தனுக்குக் கேட்டாலும் ஆட்டம் நின்னாச்சு. மைக்கைப் போடுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்.”

“பொம்பளைய வச்சா இப்படித்தான்னு நாளைக்கு எழுதுவானுங்க.”

“எழுதட்டும். பயந்து மறைச்சாள்னு எழுத முடியாதுல்ல?”

ஹாலிஸ் அவளை ஒரு கணம் முறைத்தார். பிறகு இடுப்பிலிருந்த மைக் பொத்தானை அழுத்தி அறிவித்தார். விசில் தவறுதலாக ஊதப்பட்டது, புள்ளிகள் செல்லாது, பந்து வெளியூர் அணிக்கே.

அரங்கம் ஊளையிட்டது. பனி உருண்டைகள் பறந்து வந்து வெர்னாவின் முதுகில் உடைந்தன. அவளுடைய இடமோ உள்ளூர் அணி நிற்கும் ஓரக்கோடு. அங்கேயே போய் நின்றாள். அந்த அணியின் பயிற்சியாளர் டகன் கோட்டைத் தாண்டி வந்து அவள் காதருகே கத்தினார்.

“இறுதிப் போட்டிய வீட்ல சோபால உக்காந்து பாரு, அம்மணி.”

“பாக்கத்தான் போறேன், கோச். அங்க எவனாவது தப்பா ஊதினா முதல்ல நான்தான் கண்டுபிடிப்பேன்.” கடைவாயில் ஒதுக்கியிருந்த விசிலை எடுத்து மரத்த விரலில் மாட்டினாள். “இப்ப கோட்டுக்குப் பின்னால போங்க. இல்லன்னா கொடி வீசி உங்க அணிக்கு அபராதம் போடுவேன்.”

அவள் கை இடுப்பிலிருந்த மஞ்சள் கொடிக்குப் போனது. டகன் பின்னால் நகர்ந்தார்.