கண்ணுக்குள் ஒரு பை

ஞாயிற்றுக்கிழமை மதியம் பல் டாக்டர் வீட்டில் என்ன சமைத்தாலும், தொட்டுக்கொள்ளக் கடவுள்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாமனார் முதல் வாய் உள்ளே போகும் முன்பே ஆரம்பித்துவிடுவார்.

"கண்ணைப் பாருங்க மாப்பிள்ளை. வெளிச்சம் கூடினா கண்பாப்பா தானா சுருங்குது, குறைஞ்சா விரியுது. செஞ்சவர் ஒருத்தர் இல்லாமலா?"

"அவ்வளவு நேர்த்தியா செஞ்சிருந்தா உங்க கடை எப்படி மாமா ஓடுது?"

அடுத்து பல் டாக்டர் தன் பக்கத்து சாட்சியை இறக்குவார். "தாடையில இடமே இல்லன்னு தெரிஞ்சும் கடைசியில ஒரு ஞானப்பல்லைத் திணிச்சாரே, அதைப் பிடுங்கித்தான் இந்த வீட்டையே கட்டினேன்."

"பாத்தீங்களா! உங்க வயித்துப்பாட்டையும் யோசிச்சிருக்கார்."

"சாப்பாடு ஆறுது" என்பாள் டாக்டரின் மனைவி. இருவர் காதிலும் விழாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாமனார் மாப்பிள்ளைக்குப் புதுக் கண்ணாடி செய்து கொடுத்தார். போட்டதிலிருந்து தலைவலி. மாமனார் கொடுத்ததாயிற்றே என்று மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் போட்டிருந்தார். பிறகு வேறு கடையில் காட்டினால், வலது கண்ணுக்கான லென்ஸ் இடதில், இடது கண்ணுக்கானது வலதில். கடை திறந்த நாளிலிருந்து மாமனார் செய்யாத தப்பு.

மாப்பிள்ளை மாமனார் கடைக்கு ஓடினார். மாமனார் திருகாணியை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தார். மேசை இழுப்பறையில் அவருக்கே அவர் செய்துகொண்ட கண்ணாடிகள், ஒன்றைவிட ஒன்று தடிமனாக. ஊருக்கெல்லாம் பார்வை பார்த்துச் சொன்னவர், தன் கண்ணை யாரிடமும் காட்டவில்லை.

வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனதில் கண் டாக்டர் சொன்னார்: புரை முற்றிவிட்டது, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் சிக்கல்.

"கத்தி வைக்க விடமாட்டேன்" என்று மாமனார் ஒற்றைக்காலில் நின்றார். காரணத்தை மகளிடம் மட்டும் சொன்னார். "அவர் செஞ்சதை மனுஷன் ரிப்பேர் பண்ணினா, உன் புருஷன் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாரும்மா."

அவள் அதை அப்படியே பல் டாக்டரிடம் சொல்லிவிட்டாள். விளையாட்டாகப் பேசியது வினையாகிவிட்டதே! தன் வாய்த்துடுக்கால் ஒரு மனுஷன் கண்ணை இழப்பதா? மறுநாளே கண் டாக்டரிடம் போய் ஆபரேஷனைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு, மாமனார் கடவுளை இழுக்காமல் தட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் மெல்ல ஆரம்பித்தார்.

"ஒரு விஷயம் இடிக்குது மாமா. கண்ணுக்குள்ள லென்ஸைச் சுத்தி மெல்லிசா ஒரு பை இருக்காம். மங்கினதை எடுத்துட்டு, அதே பைக்குள்ள புதுசை வைக்கிறாங்களாம். கச்சிதமா உக்காந்துக்குதாம்."

மாமனார் நிமிர்ந்தார். "அப்படீன்னா... மாத்துறதுக்குன்னே இடம் விட்டு வச்சிருக்காரா!"

"அதான் எனக்கும் பதில் தெரியல."

மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"தோத்துட்டீங்க மாப்பிள்ளை!" மாமனார் மேசையில் தட்டினார். "எப்ப ஆபரேஷன்?"

கட்டுப் பிரித்த அன்று மாமனார் சுவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையை வெகுநேரம் பார்த்தார்.

"அன்னைக்கு உங்ககிட்ட பதில் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு மாமா."

"இப்ப சொல்லுங்க."

"மாத்த இடம் விட்டு வச்சார்னா, மங்கும்னு அவருக்கே தெரியும்னு ஆகுது. தெரிஞ்சும் ஏன் மங்குற மாதிரி செஞ்சார்?"

மாமனார் யோசித்தார். கையை நீட்டி மாப்பிள்ளையின் மூக்கில் கோணியிருந்த கண்ணாடியைச் சரிசெய்தார்.

"கண்ணு மங்கலேன்னா, ஜெயிக்கிறதுக்குன்னே பொறந்த ஒருத்தர் எனக்காகத் தோக்கறதை நான் எப்படிப் பாக்கறது?"

இந்த முறை பல் டாக்டரிடம் உண்மையிலேயே பதில் இல்லை.