கடலில் விழுந்த மொட்டைமாடி

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. நில அளவை கற்றுத்தரும் தோழி ஒருத்தி, "பல தடவை அளந்து சராசரி எடுத்தா பிழை கரைஞ்சிடும். ஆனா எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாஞ்சா? தலைகீழா நின்னாலும் கரையாது" என்றாள். விடுவேனா?

2

சூரியன் ஒரு பொற்றாமரை போல— (வேண்டாம். அளக்கிறவர்களுக்கு எதற்குத் தாமரை?)

மேற்குக் கடற்கரையோரம் ஒரு நில அளவைப் பயிற்சிப்பள்ளியின் மொட்டைமாடி. மாணவி ஒருத்தி, கோணம் அளக்கும் தியோடலைட்டில் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஒரு கண்ணை மூடி, நாக்கைக் கடித்துக்கொண்டு பார்க்கிறாள். சூரியன் குறுக்குக்கோட்டைத் தொட்டதும் "இப்போ!" என்பாள். 'நிதானம்' என்று பட்டப்பெயர் வாங்கிய அவளுடைய கூட்டாளி, கடிகாரம் பார்த்து நேரம் எழுதுவான். காலையில் சூரியன் ஓர் உயரத்துக்கு ஏறும் நேரம், பிற்பகலில் அதே உயரத்துக்கு இறங்கும் நேரம், இரண்டுக்கும் நடுவே உச்சிப்பொழுது. அதிலிருந்து தீர்க்கரேகை: உச்சி பிந்தினால் இடம் மேற்கே நகரும். (கணக்குப் பிடிக்காதவர்கள் பயப்படவேண்டாம், எனக்கும் பிடிக்காது.)

சராசரி கச்சிதமாக வந்தது. வரைபடத்தில் வைத்தால் மேற்கே கடலுக்குள் விழுந்தது!

"ஏம்மா, நம்ம மாடி மிதக்குதே! வலை வாங்கித் தரவா?" என்றார் பயிற்சியாளர். "நாளைக்குத் தேர்வு. இவனோட பண்ணினா நீ தேற மாட்ட. ஆளை மாத்திக்க."

3

அவளுக்கு நில அளவையர் உரிமம் வேண்டும். நிதானமும் வேண்டும்.

[அவனைச் சோம்பேறியாக்கலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை.]

"உண்மையைச் சொல்லு. நான் 'இப்போ'ன்னதும் எங்கடா பாக்குற?"

"உன்னைத்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் கடிகாரத்தை. ஒத்தக் கண்ணும் நாக்குமா நீ நிக்கிற அழகு இருக்கே..."

"அடப்பாவி! ஒவ்வொரு தடவையுமா?"

"ஒண்ணுகூட விடலை."

ஒவ்வொரு அளவிலும் அதே தாமதம். சராசரி என்ன செய்யும், பாவம்! அவளுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். சிரிப்புத்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆளை மாத்த மாட்டேன். நாளைக்கு நீ திரும்பி நில்லு."

4

முடிவு ஒன்று: மாடி கரையேறியது, இருவரும் கைகோத்து— (ச்சே, சினிமா.)

முடிவு இரண்டு: தோற்றாள். (எழுதமாட்டேன், போங்கள்.)

ஆகவே, தேர்வு. பிற்பகல், கடைசி அளவு. பயிற்சியாளர் பக்கத்திலேயே நிற்கிறார். நிதானம் முதுகைக் காட்டிக்கொண்டு, கடிகாரத்திலிருந்து கண்ணெடுக்காமல், மூச்சைப் பிடித்து நிற்கிறான். சூரியன் கோட்டை நெருங்கிவிட்டது. "இப்போ" வரக் காணோம்.

அவள் கருவியைவிட்டு நிமிர்ந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கோ சந்தோஷத்தில் கை ஓடவில்லை. வாசகரே, சும்மா படித்துக்கொண்டிருந்தால் எப்படி? சூரியன் யாருக்கும் காத்திருக்காது. நீங்களாவது சொல்லுங்கள், சத்தமாக: "இப்போ!"