தங்கையின் பாவப் பட்டியல்

1

அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் தங்கை, தலைமாட்டில் அவள் கணவர், சன்னலோரம் பாதிரியார், வாசற்படியில் அண்ணன். வேறு யாரும் இல்லை. அண்ணன் நான்தான். ‘நான்’ என்று எழுதிப் பார்த்தேன்; ஒவ்வொரு வாக்கியமும் என் பக்கமே சாய்ந்தது. எனவே ‘அவர்’.

2

முதல் தொடக்கம்: ‘முப்பது ஆண்டுகளுக்கு முன் குடும்ப மானத்தைக் காற்றில் பறக்கவிட்டு, தன் இஷ்டப்படி மணமுடித்துக்கொண்ட தங்கையை...’

(நிறுத்துகிறேன். மறுபடியும் வழக்கு நடத்துகிறேன்.)

3

அவர்கள் பிறந்த வீட்டில் ஒரு பழக்கம். பாதிரியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் தத்தம் பாவங்களைத் தாளில் எழுதிக்கொள்வார்கள். சொல்லி முடித்ததும் கிழித்துவிடுவார்கள். சாகக் கிடந்த தங்கை பார்க்க வேண்டுமென்று ஆளனுப்பியபோதும் அவர் தாளோடுதான் போனார். அவள் மன்னிப்புக் கேட்டால்தான் படி தாண்டுவது என்று முடிவு. தாளைப் பாதிரியாரிடம் நீட்டினார்.

“பெரியவரே, பதினாலும் தங்கச்சி பாவமாவே இருக்கே. உங்களுது எங்க?”

கட்டிலில் சிரிப்பு, இருமலோடு. “அண்ணன் அப்பவே அப்படித்தான் சாமி. என் வீட்டுப்பாடத்தையும் அவரேதான் எழுதுவாரு.”

“உள்ள வாங்க மச்சான்,” என்றார் கணவர். “எவ்வளவு நேரம் நிப்பீங்க?”

“முதல்ல அவ கேக்கட்டும்.”

“என்னத்தண்ணே கேக்க? பாக்கணும்னுதானே கூப்பிட்டேன்.”

4

அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தாளைத் திருப்பினார். தன் பாவம் ஒன்றையாவது எழுதாமல் உள்ளே போவது கௌரவக் குறைவு. (பாருங்கள், மனந்திரும்பவும் கௌரவம் வேண்டியிருந்தது.) ‘கோபம்’ என்று எழுதி அடித்தார். ‘நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம்.’ அது மெய். அதன் கீழே, ‘அவளை நினைக்காமல் ஒரு நாளும்...’

கதவு திறந்தது. “மச்சான்... போயிட்டா.”

தன்னை அறியாதவன் அன்பு செய்யப் புறப்பட்டால் நீதிபதியாகத்தான் போய்ச் சேருவான். அறிந்தவனும் எழுந்து நாலடி நடக்க வேண்டும். அவர் நடக்கவில்லை.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கிறார், கை சூடாக இருக்கிறது. மற்றதில் அவள் கண் திறக்கிறாள். இரண்டும் வேண்டாம்.

கல்லறைத் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள்: “அண்ணன் மன்னிச்ச பிறகுதான் நிம்மதியா கண்ண மூடுனா.” எங்கள் குடும்பத்துக்கு அழகான பேச்சு. பொய். அவர் மன்னிக்கவில்லை; அவளும் கேட்கவில்லை. அவள் இறந்தபோது அண்ணன் வெளியே இருந்தார்.