என் மனைவியின் முதுகு

என் மனைவியை ஊரே பார்த்திருக்கிறது. ஆனால் முதுகை மட்டும்தான்.

ராத்திரி எட்டு மணி சீரியலில் டாக்டரம்மாவாக வரும் கதாநாயகிக்கு அவள்தான் டூப். அந்தப் பெண்ணுக்கு சினிமா வாய்ப்புகள் குவிந்துவிட்டன. முகம் தெரிகிற காட்சிகளை மளமளவென்று முடித்துக்கொடுத்துவிட்டுப் பறந்துவிடுவாள். படியேறுவது, வராண்டாவில் நடப்பது, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவது எல்லாம் என் வீட்டுக்காரி. வெளியே மூச்சு விடக்கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். நானும் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு, முதுகு வரும்போதெல்லாம் எங்களுக்குள் கைதட்டிக்கொள்வோம்.

ஒரு ரசிகர் போட்ட வீடியோவில் ஆரம்பித்தது வம்பு.

"டாக்டரம்மா ஒருத்தி இல்ல, ரெண்டு பேர்! நல்லா பாருங்க. சில சீன்ல மட்டும் வாசலத் தாண்டும்போது வலது காலத் தூக்கி வைக்கிறா. இடது தோள் எறங்கியிருக்கு. இவ பாதாள அறையில அடைபட்டு வளந்தவ. இருட்டுல தடுக்கி விழுந்து பழகினவ!"

பாதாள அறையாவது, மண்ணாவது! எங்கள் சமையலறை வாசலில் ஒரு டைல்ஸ் கல் பெயர்ந்து தூக்கிக்கொண்டு நிற்கிறது. வீட்டில் எல்லோருமே காலைத் தூக்கித்தான் வைப்போம். ஊர் லிஃப்டையெல்லாம் சரிசெய்கிற மெக்கானிக் எனக்கு அதை ஒட்ட நேரம் வாய்த்ததில்லை. தோள் இறங்கியது எங்கள் மகளைச் சுமந்து. அந்த மகாராணி நான்கு வயதுவரை இடுப்பைவிட்டு இறங்கவில்லை.

வேலைக்குப் போன இடத்திலெல்லாம் இதே பேச்சு. லிஃப்டுக்காகக் காத்திருந்த இரண்டு பெண்கள், "டாக்டரம்மாவ விட அந்த ரெண்டாவது பொண்ணுதான்டி அழகு" என்றார்கள். முகத்தையே பார்க்காமல்! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிட்டு, "அது என் பொண்டாட்டி!" என்று கத்தலாம் போலிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் அவள் அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"டூப்புன்னா இருக்கறதே தெரியக்கூடாதுங்க. நான் தெரிஞ்சுட்டேன். இனிமே வேற ஆளப் போட்டுடுவாங்க. முதுகுதானேன்னு உங்களுக்குச் சிரிப்பு. எனக்கு அந்த வேல ரொம்பப் புடிச்சிருக்கு."

என் சிரிப்பு அடங்கிவிட்டது. அன்றைக்கே அந்தக் கல்லை ஒட்டினேன். அவள் கூடத்தில் கதாநாயகி மாதிரியே நடந்து பழகினாள். அம்மா சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "தோள நிமித்தும்மா! ஐயோ, திரும்பக் காலத் தூக்குற பாரு!" என்று விரட்டினாள். ஒரு வழியாக நடை படிந்தது. நாங்களே அசந்துபோகும்படி அச்சு அசல் டாக்டரம்மா.

அந்தப் புது நடையில் எடுத்த காட்சிகள் ஒளிபரப்பானதுதான் தாமதம், ஊர் கொதித்துவிட்டது. "எங்க ரெண்டாவது பொண்ணு எங்க? கொன்னுட்டீங்களா?" என்று சேனலுக்குத் திட்டு மேல் திட்டு. மறுநாள் டைரக்டர் போன் செய்து, உடனே வரச் சொன்னார். வேலை போயிற்று என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள். நானே வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன்.

போனதும் டைரக்டர் பாய்ந்தார். "அந்தப் பழைய நடை எங்கம்மா போச்சு? கதையவே மாத்திட்டோம். டாக்டரம்மாவுக்கு ரெட்டப் பொறவி தங்கச்சி. ஒரே முகம், அதனால முகம் அவங்களுது. நடை உங்களுது. நீங்கதான் அவங்களுக்குச் சொல்லிக்குடுக்கணும்."

அப்புறம் நடந்ததை நான் ஓரமாக நின்று பார்த்தேன். என் மனைவி முன்னால் நடக்க, அவ்வளவு பெரிய கதாநாயகி பின்னாலேயே நடந்தாள். தோளை இறக்கினால் கால் மறந்தது. காலைத் தூக்கினால் கொக்கு மாதிரி இருந்தது.

"அக்கா, இன்னொரு தடவ நடந்து காட்டுங்கக்கா."

"வெரப்பா நடக்காதம்மா. இடுப்புல கொழந்த தூங்குதுன்னு நெனச்சுக்கோ."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற லைட்மேனிடம், "யாரு தெரியுமில்ல?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

சாயங்காலம் படப்பிடிப்பு முடிந்ததும் என் மனைவி டைரக்டர் முன்னால் போய் நின்றாள்.

"சார், நாளைக்கு எனக்கு லீவு வேணும்."

டைரக்டர் முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா இப்படிக் குண்டத் தூக்கிப் போடுறீங்க? நீங்க இல்லாம இங்க ஒண்ணும் நடக்காதும்மா. தயவுசெஞ்சு வந்துடுங்க."

"சரி சார், வந்துடறேன்."

வண்டியில் ஏறியதும் கேட்டேன். "நாளைக்கு என்ன வேல உனக்கு?"

"ஒரு வேலயும் இல்ல," என்றாள். "லீவு கேட்டா என்ன சொல்வாருன்னு பாத்தேன்."